மின்னலும் அலைவாங்கியும்

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை, இடையே முல்லைப் பெரியாறு பாயும் வயல்களும் தோப்புகளும். இதுவே தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. ஐப்பசித் திங்களில் இம்மலை முகடுகளில் கார்மேகம் திரண்டெழும், மின்னல் வெட்டும், இடியோசை மலைதோறும் எதிரொலிக்கும்.

1990களில் இப்பகுதி மக்கள், கொடைக்கானல் மலையிலிருந்து வந்த தொலைக்காட்சி அலைகளைப் பெறுவதற்காக, வீட்டின்மேல் உயர்ந்த கம்பம் நட்டு அலைவாங்கியைப் பொருத்தினர். 'ஆன்டெனா' என வழங்கப்பட்டது இதுவே. ஆடிக்காற்றுக்கு அஞ்சி, ஓட்டுக் கூரையின் கீழே மச்சிலேயே அதனை அமைத்தலும் கூடும். "கூரைக்குள் இருக்கும் பொருளுக்கு மின்னலால் யாது தீங்கு?" எனச் சிலர் வினவலாம்.

மின்னல் மின்சாரமே என்பதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் வகுத்த ஆய்வுமுறை 1752ஆம் ஆண்டில் மெய்ப்பித்தது. ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர். காற்றையே பிளந்து வரும் அதற்கு ஓடும் மரமும் தடையாகா. கூரைக்குள் இருக்கும் அலைவாங்கிக்கு இடர் குறைவு. ஆயினும் அறவே இல்லை எனல் பொருந்தாது. அண்டையிலுள்ள தென்னைமீது மின்னல் விழுந்தாலும், அலைவாங்கியின் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். அது தொலைக்காட்சிப் பெட்டியைப் பழுதாக்கும். தொட்டவருக்கும் ஊறு செய்யும்.

கண்மாய் நிரம்பினால் மிகைநீர் மறுகால் வழியே வெளியேறுகிறது. மறுகால் இல்லையேல் கரை உடையும். அதுபோலவே மின்சாரத்திற்கும் ஒரு போக்கு வேண்டும். அதுவே நிலத்தொடர்பு, மக்கள் இதனை 'எர்த்' என்பர். இது மின்னலை வரவழைப்பதன்று. வந்ததை மண்ணுக்குள் செலுத்துவது.

அலைவாங்கியின் கம்பத்திலிருந்து தடித்த செப்புக் கம்பியை, கூரிய வளைவுகளின்றி, வீட்டின் வெளிப்புறமாக நேரே கீழிறக்கி, மண்ணில் ஆழப் புதைத்த உலோகக் குழாயுடன் இணைத்தல் வேண்டும். கம்பிவடத்தின் வெளியுறையையும், வடம் வீட்டினுள் நுழையுமுன்னரே அதனுடன் இணைத்தல் வேண்டும். உலர்ந்த மண் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு ஈரம் காப்பர்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. அலைவாங்கியின் நிலத்தொடர்பும் வீட்டு மின்னமைப்பின் நிலத்தொடர்பும் தம்முள் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவை தனித்தனியே நிற்பின், மின்னலின்போது ஒன்றில் அழுத்தம் உயர, மற்றதில் தாழ்ந்திருக்கும். அவ்வேறுபாடு தொலைக்காட்சிப் பெட்டியின் ஊடே பாயும். இப்பணி முழுவதையும் தேர்ந்த மின்பணியாளரே செய்தல் வேண்டும்.

நேரே விழும் மின்னலை நிலத்தொடர்பு மட்டும் முற்றும் தடுத்துவிடாது. ஆதலின் மேகம் திரளும்போதே மின்செருகியையும் அலைவாங்கிக் கம்பியையும் பெட்டியிலிருந்து நீக்கிவிடல் நன்று. மின்னல் தொடங்கியபின் அவற்றைத் தொடலாகாது. இறுதி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழிந்த பின்னரே மீண்டும் பொருத்துக.

இன்று பல வீடுகளின் மாடியில் பழைய அலைவாங்கிக்கு மாறாகக் கிண்ண வடிவான அலைவாங்கி நிற்கிறது. கருவி மாறினும் மின்னலின் இயல்பு மாறவில்லை. மறுகால் வெட்டிய பின்னரே கண்மாயில் நீர் தேக்குவது நம் முன்னோர் முறை. நிலத்தொடர்பு அமைத்த பின்னரே அலைவாங்கியை இயக்குவது நம் முறையாகுக.