மன்னார்க் கரையோரத்தில் கியர்க் கோளாறு: வீட்டுத் திருத்தத்தின் எல்லை

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், கையால் கியர் மாற்றும் பழைய பிக்கப்புகளும் வான்களும் மன்னாரில் இன்றும் ஓயாமல் உழைக்கின்றன. இறுகிய கியரும், பின்கியரின் கறகறப்பும், ஆடும் கியர்த்தடியும் இவற்றில் பொதுவானவை. பேசாலை போன்ற கரைகளில் அரைக் கிளட்சில் படகை இழுத்து மணலேற்றும் வழக்கம் இக்கோளாறுகளை விரைவுபடுத்துகிறது.

என்ஜினின் சுழற்சியைக் கியர்ப்பெட்டியிலிருந்து தற்காலிகமாகப் பிரிக்கும் உறுப்பே கிளட்ச். என்ஜின் நிறுத்தியிருக்கும்போது எளிதாக விழும் கியர், ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், குறை பெரும்பாலும் கியர்ப்பெட்டியில் அல்ல, முழுமையாகப் பிரியாத கிளட்சிலேயே உள்ளது என்பதால், பெட்டியைக் கழற்றச் சொல்பவரிடம் முதலில் இந்தச் சோதனையைச் செய்யக் கேட்பது நல்லது. கேபிள் வகையில் மிதியின் தளர்வைக் கைநூலில் உள்ள அளவுக்குச் சரிசெய்தல், திரவ வகையில் காற்றை வெளியேற்றுதல், கியர்த்தடியின் தேய்ந்த புஷ்களை மாற்றுதல் ஆகியன பழகிய கைகளுக்கு இயலும்.

ஆனால் திரவ வகைக் கிளட்சுக்குரிய பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; கடற்கரை ஈரத்தில் அது சீக்கிரம் கெட்டு, சிலிண்டரைத் துருவேற்றுகிறது. குறைந்த அளவை ஈடுசெய்ய என்ஜின் ஒயிலை ஊற்றுவோர், றப்பர் முத்திரைகள் ஊதிப் பழுதாவதை மட்டுமன்றி, பல வாகனங்களில் பிரேக்கும் கிளட்சும் ஒரே தொட்டியைப் பகிர்வதால் பிரேக்கையே இழப்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. கியர் ஒயிலிலும் ஜீஎல்-4 தரம் கேட்கும் பெட்டிக்கு ஜீஎல்-5 ஊற்றினால், அதன் கந்தகச் சேர்மானங்கள் கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். வாகனத்தை உயர்த்தும்போது மணலில் ஜக் புதையும். கெட்டித் தரையில், தாங்கிகள் வைத்த பின்பே வாகனத்தின் கீழ் நுழைய வேண்டும். பழைய கிளட்சுத் தூசியில் கல்நார் இருக்கலாம் என்பதால் அதைக் காற்றடித்து ஊதுவதும், கழிவு ஒயிலை ஆழமற்ற கிணறுகளை நம்பிய மன்னார்த் தீவின் மணலில் கொட்டுவதும் தவிர்க்க வேண்டியவை.

கராஜில் செய்த வேலை பழுதானால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் துணைநிற்கிறது: உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவை வழங்கப்படும் என்ற உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும், அச்சட்டப்படி ஒப்பந்தத்தில் அடங்கியதே. அதிகாரசபைக்கான முறைப்பாடு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் வழி கேட்கலாம். பற்றுச்சீட்டும், மாற்றிய பழைய பாகமும் கைவசமிருந்தால் வாதம் வலுக்கும். கெட்டி ஒயிலால் இரைச்சலை அடக்கி விற்கும் வாகன வியாபாரிக்கும் ஏமாற்றும் நடத்தையைத் தடுக்கும் அச்சட்டப் பிரிவு பொருந்தும். தனியொருவர் தம் வாகனத்தை விற்றதில் எழும் பிணக்கு வேறு வகையானது. அதன் பெறுமதி குறைவெனில் முதலில் மத்தியஸ்த சபைக்கே செல்ல வேண்டும், அங்கு இணக்கம் எட்டப்படாததற்கான சான்றிதழைப் பெற்ற பின்னரே நீதிமன்றம் வழக்கை ஏற்கும்.