பகலுக்கு ஒரு படம், இரவுக்கு ஒரு படம்!

குழந்தை உறங்கிய பிறகுதான் பல வீடுகளில் தாய்மார்களுக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார நேரம் வாய்க்கிறது. விளக்கை அணைத்துவிட்டு அதைத் திறந்தாலோ, அறை முழுவதும் பட்டப்பகல்! குழந்தை சிணுங்குகிறது, கண்ணும் கூசுகிறது.

இதற்காகவே வந்தது 'டார்க் மோட்'. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றிருப்பதை, கரும்பலகையில் வெள்ளை எழுத்தாக மாற்றிவிடும். ஆனால் பின்னணியில் உள்ள 'வால்பேப்பர்' படம் பளீரென்று இருந்தால் பாதிப் பயன் போயிற்று. ஆகவே படமும் இரண்டு வேண்டும்.

படத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? திண்டுக்கல் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஆத்தூர் இருக்கவே இருக்கிறது. மலையடிவாரத்தில் காமராஜர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தரும் புண்ணியவதி. காலை வெயிலில் ஒரு படம், அந்தி மங்கியதும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுங்கள். திரைக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

இனி வேலை சுலபம். விண்டோஸ் 11-ல், திரையின் காலி இடத்தில் மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி 'பெர்சனலைஸ்' என்பதற்குள் செல்லுங்கள். 'பேக்ரவுண்ட்' பகுதியில் காலைப் படம். 'கலர்ஸ்' பகுதியில் 'லைட்'. பிறகு 'தீம்ஸ்' பகுதியில் ஒரு பெயரிட்டுச் சேமியுங்கள். அந்திப் படத்தையும் 'டார்க்'கையும் சேர்த்து இதே போல இன்னொன்று. மாலையில் அதன் மேல் ஒரு தட்டு தட்டினால், படமும் நிறமும் ஒருங்கே மாறிவிடும்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களில் 2018-ல் வந்த 'மொஹாவே' பதிப்பு முதலே, நேரத்துக்கு ஏற்பத் தானே மாறும் படங்கள் உண்டு. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, 2022-ல் வந்த 'க்னோம் 42' இரண்டு படங்களை ஜோடி சேர்த்து வைத்துக்கொள்ளும். நிறம் மாறினால் படமும் மாறும்.

ஒரு வார்த்தை. டார்க் மோட் கண்ணுக்கு மருந்தல்ல. நல்ல வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் படிக்க, வெள்ளையில் கறுப்பே பெரும்பாலோருக்கு எளிது. இரவிலும் முதலில் திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள். பிறகு படத்தை மாற்றுங்கள். குழந்தையும் தூங்கும், உங்கள் வேலையும் முடியும்!