"குழந்தை தூங்குது" என்று சும்மா இருக்காதீங்க! உதை குறைந்தால் உடனே ஆஸ்பத்திரி

சென்னை,

மாலை 6 மணி. ஆபீஸ் முடிந்து, மின்சார ரெயிலில் இடிபட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். மனைவிக்கு இது 8-வது மாதம்.

"என்னங்க, காலையிலேர்ந்து பாப்பா அவ்வளவா அசையலைங்க" என்கிறாள்.

"தூங்குதும்மா! பிரசவம் நெருங்கிட்டா அசைவு குறையத்தான் செய்யும்" என்று மாமியார் சமாதானம் சொல்கிறார். சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் படுக்கப் போகிறார்கள்.

இதுதான் தப்பு!

எவ்வளவு நேரம் தூங்கும்?

வயிற்றில் இருக்கும் குழந்தை தூங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு தடவை தூங்கினால் 20 முதல் 40 நிமிடம்தான். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டித் தூங்குவது அபூர்வம். நாள் முழுக்கத் தூங்கும் குழந்தை கிடையாது!

பிரசவம் நெருங்கினால் அசைவு குறையும் என்பதும் சரியல்ல. குழந்தை வளர வளர உள்ளே இடம் நெருக்கடி ஆகும். அதனால் 'பட் பட்' என்று உதைத்தது, புரளுவதாகவும் நெளிவதாகவும் மாறலாம். ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. வலி எடுக்கும் வரை அசைவு இருக்க வேண்டும். வலி எடுத்த பிறகும் இருக்க வேண்டும்.

நஞ்சுக்கொடி வழியாகத்தான் குழந்தைக்குப் பிராணவாயுவும் சாப்பாடும் போகிறது. அந்த வரத்து குறைந்தால் குழந்தை தன் பலத்தை மிச்சம் பிடிக்கும். அசைவைக் குறைத்துக்கொள்ளும். குழந்தையால் வாய் திறந்து சொல்ல முடியாது. அசைவு குறைவதுதான் அதன் கூக்குரல்!

மாதா மாதம் வளர்ச்சி

28 வாரத்தில், அதாவது 7 மாதம் முடியும்போது, குழந்தையின் எடை சுமார் 1 கிலோ. கண்ணைத் திறந்து மூடும். வளைகாப்பில் கை நிறைய அடுக்கும் வளையல் சத்தமும் அதன் காதில் விழும்.

32 வாரத்தில் எடை சுமார் ஒன்றேமுக்கால் கிலோ. 36 வாரத்தில் சுமார் இரண்டரை கிலோ. பெரும்பாலான குழந்தைகள் அதற்குள் தலைகீழாகத் திரும்பிவிடும். நுரையீரல் கடைசி வாரங்களில்தான் முழு பலம் பெறுகிறது.

எதெல்லாம் சகஜம்?

தாயின் உடம்பும் மாறுகிறது. சாயங்காலம் பாதம் வீங்கி, செருப்பு இறுக்கும். ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். சாப்பிட்டதும் நெஞ்சு எரியும். இடுப்பு வலிக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். கழுத்து கறுக்கும். வயிற்றில் கோடு விழும்.

அவ்வப்போது வயிறு கல் மாதிரி இறுகி, பிறகு தளரும். இது 'சூட்டு வலி'. ஓய்வு எடுத்தால் அடங்கிவிடும். நிஜ வலி அப்படி அல்ல. ஒழுங்காக விட்டு விட்டு வரும். நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், வலி கூடும்.

எதெல்லாம் ஆபத்து?

முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்றில் வலி. இவை ரத்த அழுத்தம் எகிறியதன் அடையாளமாக இருக்கலாம். 140/90-ஐத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டும்.

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து நீர் போவது, காய்ச்சல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தாங்க முடியாத அரிப்பு. இவற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது.

எண்ணுவது எப்படி?

காசு செலவில்லாத சோதனை இது. 28 வாரத்துக்குப் பிறகு தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். உதை, புரளல், நெளிவு எல்லாம் கணக்கு. 2 மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். நல்ல குழந்தை பல நாட்களில் அதற்கு முன்பே கணக்கை முடித்துவிடும்.

10 வரவில்லையா? வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிகிறதா? ஜூஸ் குடித்துப் பார்க்கலாம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுராத்திரி ஆனாலும் கிளம்ப வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் நிம்மதியாகத் திரும்பலாம். வீண் அலைச்சல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறுநாளும் குறைந்தால் மறுபடியும் போக வேண்டும்.

சென்னையில் 1844-ல் தொடங்கிய எழும்பூர் தாய்-சேய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1885-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி இருக்கிறது. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது. வண்டிக்கு 108-ஐ அழைத்தால் போதும். காசு கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் "சாப்பிட்டியா?" என்று கேட்பீர்கள். கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.

"இன்னிக்கு பாப்பா எத்தனை தடவை உதைச்சுது?"