கேட்டால் கிடைக்கும் பழைய மெயில்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)



மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பேரவைச் செயலாளர் கேட்டபோது நானும் கவிதைதான் எழுதிக் கொண்டு போனேன். "நிலாவைப் பத்தி மட்டும் ஏழு வந்தாச்சு. நீ உருப்படியா எதையாவது எழுதுப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே உருப்படியான ஒன்றை எழுதுகிறேன். யாரோ எப்போதோ எழுதிய பழைய மெயிலை, மெயில் போட்டே வரவழைப்பது எப்படி? இதுதான் விஷயம்.

"கூகுள்ல தேடினா வந்துட்டுப் போகுது, இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன், 2023 டிசம்பர் வரைக்கும்.

மழை சொல்லிக் கொடுத்த பாடம்

நான் பம்மல்காரன். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் கிடையாது. அந்தச் சமயம் எங்கள் பேட்ச் நாலு பேரும் செய்து கொண்டிருந்த பிராஜெக்ட் என்ன தெரியுமா? தண்ணீர் மட்டம் ஏறினால் அலாரம் அடிக்கும் கருவி! வாசலில் தண்ணீர் நிற்கிறது. மேஜை மேல் கருவி ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. காலேஜ் திறந்ததும் அதைத் துறையில் காட்டியாக வேண்டும்.

கோளாறு இதுதான். போர்டை லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகினால் சீரியல் போர்ட் ஒரு விநாடி தெரியும், அப்புறம் காணாமல் போய்விடும். போர்ட் நிற்காமல் புரோகிராம் ஏற்ற முடியாது. லேப்டாப் நாலு பேருக்கும் பொது, டெபியன் லினக்ஸ் போட்டது. பேட்டரியில் நாற்பது நிமிஷம்தான் பாக்கி. மொட்டை மாடிக்குப் போனால் போனில் ஒரு கோடு சிக்னல். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது. ஆனால் எப்படியோ போன் கால் மட்டும் கிடைத்தது. குரோம்பேட்டையில் இருக்கும் மாமாவைப் பிடித்தேன். அவர் வீட்டிலும் கரண்ட் இல்லை, நெட் இல்லை.

"ஒரு பக்கமும் திறக்கல மாமா."

"மெயில் போகுதா?"

"அவுட்பாக்ஸ்ல நிக்குது. சிக்னல் வந்தா எப்பவாவது போகும்."

"அது போதும்டா. 1997-ல நாங்க அதை வச்சுத்தானே படிச்சோம்!"

மாமா காலத்துக் கதை

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அதற்கு முன்பே 1986-ல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் இருந்தது. வி.எஸ்.என்.எல்.லில் மாணவர்களுக்குக் கிடைத்தது ஷெல் கணக்கு. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும். படம் வராது. மோடம் டெலிபோன் லைனைப் பிடிக்க வேண்டும், லைன் நடுவில் அறுந்தும் போகும். அதனால் கேள்வியை எழுதி அனுப்பிவிட்டு லைனைத் துண்டிப்பது, மறுநாள் மறுபடி பிடித்துப் பதிலை எடுப்பது என்று வேலை செய்திருக்கிறார்கள்.

அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன? மெயிலிங் லிஸ்ட் என்ற அஞ்சல் குழுக்களிலிருந்து. குழுவுக்கு ஒரே முகவரி. அதற்கு ஒருவர் எழுதினால் உறுப்பினர் எல்லாருக்கும் போகும். குழுவை நடத்தும் நிரல் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு பிரதியை எடுத்து வைக்கும். அதுதான் காப்பகம். காப்பகத்தில் இருப்பதைக் கேட்டு வாங்க அந்த நிரலுக்கே ஒரு மெயில் போட்டால் போதும். நம்ம லைப்ரரியில் சீட்டு எழுதிக் கொடுத்தால் உள்ளேயிருந்து புத்தகம் எடுத்து வருவார்களே, அதே மாதிரி.

மெயில் போகிறது, பக்கம் ஏன் திறக்கவில்லை?

நம் துறைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு வலைப்பக்கம் திறக்க இரண்டு முனையும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும். பக்கத்தோடு படம், எழுத்துரு, நிரல் என்று பல கோப்புகள் வந்து சேர வேண்டும். நடுவில் சிக்னல் போனால் அவ்வளவுதான்.

மெயில் வேறு ஜாதி. வாங்கி வைத்துக்கொண்டு, வழி கிடைக்கும்போது அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் முறை அது. உங்கள் போனுக்குப் பத்து விநாடி சிக்னல் கிடைத்தால் போதும், மெயில் சர்வருக்குப் போய்விடும். அங்கிருந்து எதிர் சர்வர் எடுக்கவில்லை என்றால் உடனே கைவிடாது. நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்ய வேண்டும் என்பதுதான் மெயில் நெறிமுறை. பதிலும் அதே மாதிரி உங்கள் பெட்டியில் வந்து காத்துக் கிடக்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு விதமான முகவரி உண்டு. ஒன்று எல்லாருக்கும் போவது. இன்னொன்று நிரலுக்கு மட்டும் போவது. கட்டளையை நிரல் முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும். நான் முதலாண்டில் ஒரு குழுவில் சேர்ந்த புதிதில் 'ஹெல்ப்' என்று ஒரே வார்த்தை எழுதிக் குழு முகவரிக்கே அனுப்பிவிட்டேன். "தம்பி, என்ன ஆச்சு? ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களா?" என்று ஒரு பெரியவர் பதில் போட்டார். அதையும் குழுவில் எல்லாரும் படித்தார்கள்!

நிரலுக்கு நிரல் கட்டளை

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டைப் பண்ணும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

லிஸ்ட்சர்வ்: 1986-ல் பாரிசில் எரிக் தாமஸ் என்ற மாணவர் எழுதியது. மாணவர் என்பதைக் கவனிக்கவும்! 'இண்டெக்ஸ்' போட்டுக் குழுவின் பெயரை எழுதினால் காப்பகக் கோப்புகளின் பட்டியல் வரும். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும். 'லாக்9805' என்றால் 1998 மே மாதத்து மெயில்கள். 'கெட்' போட்டுக் குழுவின் பெயரையும் கோப்பின் பெயரையும் எழுதினால் கோப்பு வந்து சேரும். 'சர்ச்' என்று வார்த்தை கொடுத்துத் தேடவும் முடியும்.

மேஜர்டோமோ: 1992-ல் பிரெண்ட் சாப்மன் எழுதியது. இதிலும் 'இண்டெக்ஸ்', 'கெட்' இரண்டும் உண்டு. கடைசி வரியில் 'எண்ட்' என்று போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மெயிலின் அடியில் உள்ள உங்கள் பெயர், முகவரி எல்லாவற்றையும் கட்டளை என்று நினைத்து, "புரியவில்லை, புரியவில்லை" என்று வரிக்கு வரி பதில் போடும்.

ஈஸிஎம்எல்எம்: டி.ஜே. பெர்ன்ஸ்டைன் எழுதியது. இதில் கட்டளை முகவரிக்குள்ளேயே இருக்கும். குழுவின் பெயரை அடுத்து ஒரு சிறு கோடு, 'கெட்', ஒரு புள்ளி, 123, ஒரு அடிக்கோடு, 145 என்று எழுதி, அதன் பிறகு வழக்கம்போல 'அட்' குறியும் தளத்தின் பெயரும். இப்படி ஒரு வெற்று மெயில் போட்டால் 123 முதல் 145 வரையிலான மெயில்கள் ஒரே கட்டாக வரும். ஒரு தடவைக்கு நூறு வரைதான். 'கெட்' இருக்கும் இடத்தில் 'திரெட்' என்று போட்டு ஒரு எண் கொடுத்தால் அந்தப் பேச்சு முழுவதும் வரும். அப்பாச்சி நிறுவனத்தின் குழுக்கள் இந்த வகை.

மெயில்மேன்: நிறைய இடத்தில் இருப்பது இதுதான். ஆனால் இதில் பழைய மெயிலை மெயில் மூலம் கேட்டு வாங்கும் கட்டளை கிடையாது. மாதவாரியாகச் சுருக்கி வைத்த கோப்பை வலைப்பக்கத்திலிருந்து இறக்கிக் கொள்ள வேண்டியதுதான்.

எந்த நிரல் என்று தெரியவில்லையா? நிரல் முகவரிக்கு 'ஹெல்ப்' என்று ஒரு மெயில் போடுங்கள். அது தன் கட்டளை எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும்.

சரி, எங்கள் கருவி என்ன ஆச்சு?

டெபியனில் பிழை அறிக்கை எல்லாமே மெயில் வழியாக நடப்பது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண். அந்த எண்ணே ஒரு மெயில் முகவரி. அதற்கு வந்த மெயில்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பிழையின் பதிவேடு. எண் தெரிந்தால் 'ரிக்வெஸ்ட்' என்ற முகவரிக்கு 'செண்ட்' என்று எழுதிப் பக்கத்தில் எண்ணைப் போட்டால் பதிவேடு முழுக்க வரும். முடிவில் 'குவிட்' போட வேண்டும். 'தாங்க்ஸ்' என்று மரியாதையாக எழுதினாலும் நிறுத்திக் கொள்ளும்!

ஆனால் எண்ணுக்கு எங்கே போவது? "உன் லேப்டாப்லயே இருக்குடா" என்றார் மாமா. போர்டைச் செருகிவிட்டுக் கர்னல் செய்திகளைப் பார்க்கச் சொன்னார். போர்ட்டை ஒரு சேவை நிரல் பிடுங்கிக் கொள்கிறது என்று பெயரோடு எழுதியிருந்தது. டெபியனில் ஒவ்வொரு தொகுப்பும் தன் மாற்றப் பட்டியலை டிஸ்க்கிலேயே போட்டு வைக்கும். சரிசெய்த பிழைகளின் எண்கள் அதில் இருக்கும். அந்தச் சேவை நிரலின் பட்டியலில் 'சீரியல்' என்ற சொல் வரும் வரிகளைத் தேடி இரண்டு எண்களைக் குறித்துக் கொண்டு லேப்டாப்பை அணைத்தேன். போனில் மெயில் எழுதி அனுப்பினேன். அவுட்பாக்ஸில் நின்றது. படுத்துவிட்டேன். ராத்திரி எப்போதோ சிக்னல் வந்து போயிருக்கிறது. விடிந்து மாடிக்குப் போனால் இரண்டு பதில்கள் வந்திருந்தன.

முதல் எண்ணில் பிரயோஜனம் இல்லை. இரண்டாவதில் எங்கள் கதையே இருந்தது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் அதே கோளாறில் மண்டையை உடைத்துக் கொண்டு, இன்னொருவரிடம் கேட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து வரிவரியாக எழுதியிருந்தார். அந்தச் சேவை நிரல் பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெயில் கருவிகளுக்கானது. சில பிரெயில் கருவிகளும் எங்கள் போர்டில் இருப்பது போன்ற யூஎஸ்பி சீரியல் சிப்பைத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே அதே அடையாள எண்ணைப் பார்த்ததும், தன் கருவி வந்துவிட்டது என்று நம்பிப் போர்ட்டை எடுத்துக் கொண்டிருக்கிறது. யார் மேலும் குற்றமில்லை! விதிக் கோப்பில் எங்கள் சிப்புக்கான வரியை மட்டும் முடக்கினோம். மீதிப் பேட்டரியில் புரோகிராம் ஏறியது. பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அலாரம் அடித்தது. கீழ்வீட்டுப் பாட்டி, "மறுபடியும் தண்ணி ஏறுதா?" என்று பயந்து வெளியே ஓடி வந்துவிட்டார்.

தமிழ்க் குழுக்களின் கதை

நம் தமிழும் இப்படிக் குழுக்களில் வளர்ந்ததுதான். தமிழ் நெட் என்ற அஞ்சல் குழுவில் பழகியவர்கள் பலர் சேர்ந்து 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். ஊர் ஊராக, நாடு நாடாக இருந்தவர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து மெயிலில் அனுப்பினார்கள். இன்று நாம் இலவசமாகப் படிக்கிறோம்.

அந்தக் காலத்துத் தமிழ் மெயில் கைக்குக் கிடைத்தால், திறந்ததும் கோணல்மாணலான ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியலாம். கெட்டுப் போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். அது டிஸ்கி போன்ற பழைய குறியாக்கமாக இருக்கும். மாற்றி நிரலில் கொடுத்தால் யூனிகோட் தமிழாகிவிடும்.

ஆனால் மாற்றுவதற்கு மெயில் இருக்க வேண்டுமே! மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று எத்தனையோ தமிழ்க் குழுக்கள் யாஹூ குரூப்ஸில் நடந்தன. 2019-ல் யாஹூ காப்பகங்களை நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே மூடப்பட்டது. மெயிலாக வாங்கித் தங்கள் பெட்டியில் வைத்திருந்தவர்களிடமும், மூடுவதற்குள் இறக்கி வைத்தவர்களிடமும் உள்ளது தப்பியது. "அங்கேதான் இருக்குமே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று இருந்தவர்களுக்கு அது போச்சு.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காப்பகம் என்பது வேறொருவர் வீட்டுப் பரண். இன்று திறந்திருக்கிறது, நாளை எப்படியோ. வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். சாதா எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். தேதியும் எழுதியவர் பெயரும் உள்ள தலைப்பு வரிகளை வெட்டாதீர்கள். யார், எப்போது சொன்னது என்பதற்கு அதுதான் சாட்சி. உங்கள் கோளாறு தீர்ந்ததும், எப்படித் தீர்ந்தது என்று குழுவுக்கு நாலு வரி எழுதுங்கள். "சரியாயிடுச்சு, நன்றி" என்று மட்டும் எழுதினால் பின்னால் வருகிறவனுக்கு என்ன லாபம்?

போன மாதம் இரண்டாம் ஆண்டு தம்பி ஒருவன் வந்தான். "அண்ணா, போர்ட் ஒரு செகண்ட் தெரியுது, அப்புறம் காணோம்" என்றான். சிரித்துக் கொண்டே அந்தப் பழைய மெயிலை அவனுக்கு அனுப்பி வைத்தேன். அதை அழிக்காதே என்றும் சொன்னேன்.

எல்லாருக்கும் தேர்வு நல்லபடியாக அமைய வாழ்த்துகள்!