ஆழத்துக்குப் பயந்தோம், பனிக்கு ஏன் பயப்படவில்லை?

'சப்நாட்டிகா' விளையாட்டில் தண்ணீருக்குள் தலை மூழ்கியதும் திரையின் ஓரத்தில் 45 என்ற எண் குறைய ஆரம்பிக்கும். நெஞ்சில் பிடித்து வைத்த மூச்சு அத்தனை நொடிக்குத்தான். விண்கலம் நொறுங்கி, 4546பி என்ற கடல்மயமான கோளில் தன்னந்தனியாக வந்து விழுந்தவன் ரைலி ராபின்சன். உணவு, குடிநீர், வீடு, வாகனம் எல்லாவற்றையும் அவனே தேடிச் செய்துகொள்ள வேண்டும். கொல்லும் துப்பாக்கி மட்டும் கிடையாது. வேண்டாம் என்று முடிவெடுத்தவர் விளையாட்டின் இயக்குநர் சார்லி கிளீவ்லாண்ட். அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளித் துப்பாக்கிச் சூடு தன்னை அப்படி யோசிக்க வைத்தது என்று அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் இதை முழு வடிவில் வெளியிட்டது 2018 ஜனவரியில். அடுத்து வந்த 'பிலோ ஜீரோ', 2021 மே. அதே கோள், ஆனால் பனி மண்டலம். கதை கச்சிதம், வீடு கட்டும் வசதிகள் அதிகம், பெட்டி பெட்டியாகக் கோத்து ஓட்டும் 'சீட்ரக்' என்ற வாகனம் அருமை. ஆனாலும் இரண்டையும் ஆடியவர்களில் பலர், வயிற்றில் புளியைக் கரைத்தது முதல் விளையாட்டுதான் என்பார்கள். என் கட்சியும் அதுவே. காரணத்தைக் கதையில் தேடுவதைவிட இயற்பியலில் தேடுவது நல்லது.

ஒளியை எடுத்துக்கொள்வோம். கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. பத்து மீட்டருக்குள் பெரும்பகுதி போய்விடும். கடைசி வரை தாக்குப்பிடிப்பது நீலம். 200 மீட்டரில் மங்கல், 1000 மீட்டரில் சூரியன் இருப்பதற்கே அடையாளம் இல்லை. தெளிந்த நீரிலும் பக்கவாட்டில் சில பத்து மீட்டருக்கு மேல் கண் எட்டாது. அப்படியானால் நீலத் திமிங்கிலத்தைவிடப் பெரிய ஒரு விலங்கின் தலையும் வாலும் ஒருசேரத் தெரிவது அரிது. ரைலி வந்து நொறுங்கிய 'அரோரா' விண்கலத்தைச் சுற்றிக் கலங்கிய நீரில் திரியும் 'ரீப்பர்' என்ற ராட்சத விலங்கு பயமுறுத்துவது இப்படித்தான். உறுமல் காதில் விழுந்துவிடும், உருவம் தெரியாது. உறுமலின் எதிரொலியை வைத்தே அது இரையைக் கண்டுபிடிக்கிறது என்று விளையாட்டின் தகவல் குறிப்பு வேறு சொல்லிவைக்கிறது. ஆக, உங்களுக்குக் கேட்டால் அதற்கு நீங்கள் தெரிந்துவிட்டீர்கள். ஆழத்து இருட்டில் கணவாய் தேடும் ஸ்பெர்ம் திமிங்கிலமும் ஒலி எழுப்பி, எதிரொலி கேட்டு வேட்டையாடும் ஜீவன்தான்.

நிஜக் கடல் இன்னும் மோசம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1500. ஓர் ஓசை ஒரு காதை எட்டுவதற்கும் மறு காதை எட்டுவதற்கும் உள்ள துளி நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. தண்ணீருக்குள் அந்த வித்தியாசம் கால்வாசிக்கும் கீழே சுருங்கிவிடும். போதாக்குறைக்கு ஒலி மண்டையோட்டின் வழியாகவும் உள்ளே இறங்கும். எல்லாப் பக்கத்திலிருந்தும் சத்தம் வருவதுபோல் இருக்கும். விளையாட்டில் ஹெட்போன் "இடது பக்கம்" என்றாவது காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த மட்டில் நாம் புண்ணியம் செய்தவர்கள்.

முதல் விளையாட்டு நடப்பது ஓர் எரிமலையின் வாய்ப்பகுதியில். அதன் விளிம்பைத் தாண்டினால் தரை சட்டென்று மறைந்துவிடும். கீழே நீலம், அதற்கும் கீழே கருப்பு. அங்கே நீந்தி வரும் 'பேய் லெவியாத்தன்' என்ற ராட்சத விலங்கைவிட, தரை இல்லை என்பதே கலக்கம் தருகிறது. பூமியின் கடல்களுக்கும் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். நாம் கால் நனைப்பது அதன் ஓரத்தில் மட்டும்.

பிலோ ஜீரோ இந்த வெளியைச் சுருக்கிவிட்டது. வரைபடம் சிறியது, சுரங்கப் பாதைகள் நிறைய, கணிசமான நேரம் நிலத்தில். முதல் நாயகன் வாய் திறக்காதவன். இதிலோ சகோதரியின் மரணத்துக்கு விடை தேடி வரும் நாயகி ராபின் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவள் தலைக்குள் அல்-ஆன் என்ற வேற்றுலகவாசியும் குடியேறிப் பேசுகிறது. கூட ஆள் இருந்தால் இருட்டுக்குப் பாதி பலம் போய்விடுமே! படிகக் குகைகளின் நிழல் லெவியாத்தன் பயங்கரம்தான், மறுக்கவில்லை. ஆனால் குகைக்குச் சுவர் உண்டு. ஒதுங்க இடமும் உண்டு.

பனியிலாவது உறைய வைத்தார்களா? இங்கே ஒரு வேடிக்கை. நிலத்தில் நின்றால் ராபினின் உடல் வெப்பம் இறங்கும். உறைகடலில் குதித்தால் அந்த ஆபத்து நின்றுவிடும். இதில் அரைப் பங்கு நியாயம் உண்டு. கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறைந்துவிடும், அதனால் அதற்கு மேல் அதிகம் குளிர முடியாது; துருவக் காற்றோ மைனஸ் 40-க்கும் கீழே போகும். ஆனால் உடம்பின் சூட்டைத் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். பாதுகாப்பு உடை இல்லாமல் அந்த நீரில் விழுந்தவருக்குச் சில நிமிடங்களில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆக்சிஜனுக்குத் துல்லியமாகக் கணக்கு வைத்தவர்கள் இதைக் கைவிட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நீருக்குள்ளும் குளிர் கொன்றால் ஆட்டமே நடக்காது.

மற்றபடி பனி அறிவியலை நன்றாகவே படித்திருக்கிறார்கள். பிலோ ஜீரோவில் கடலுக்குள் தொங்கும் பனிக்குழல்களைப் பார்க்கலாம். அவை கற்பனை அல்ல. கடல்நீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடும். அந்த அடர்ந்த உப்புநீர் உறைநிலைக்கும் கீழான குளிரோடு பனிக்கட்டியின் விரிசல் வழியே கீழே வழியும். வழியில் தொடும் நீரையெல்லாம் உறைய வைத்து, தன்னைச் சுற்றியே ஒரு குழாய் கட்டிக்கொள்ளும். அண்டார்க்டிகாவில் இது தரையைத் தொட்டு, ஊர்ந்துகொண்டிருந்த நட்சத்திர மீன்களை அப்படியே உறைய வைத்ததை பிபிசி படம்பிடித்து 2011-இல் ஒளிபரப்பியது.

நழுவவிட்டது ஒன்றுதான்: கூரை. பனிக்கடியில் மூழ்குபவருக்கு மேலே போனால் போதாது, துளைக்குப் போக வேண்டும். அதனால்தான் வழக்கமாக உடம்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருப்பார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூச்சடக்க வல்ல வெடெல் கடல்நாய்கூடத் தன் துளை மூடிவிடாமல் பல்லால் பனியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். பிலோ ஜீரோவில் குகைகளை விட்டால் பெரும்பாலும் நேராக மேலே நீந்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அந்த 45 நொடிக்கு மேல் ஒரு பனிக்கூரையைப் போட்டு ஒரே ஒரு துளையை விட்டிருந்தால், லெவியாத்தனே தேவைப்பட்டிருக்காது.