நேரப் பயன்பாட்டு ஆய்வுகளில் ஊதியப் பணிகளை வகைப்படுத்துதல்

நேரப் பயன்பாட்டு ஆய்வு என்பது ஒருவர் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எந்தெந்தச் செயல்களில் செலவிடுகிறார் என்பதைப் பதிவு செய்யும் புள்ளியியல் ஆய்வாகும். பதிவான ஒவ்வொரு செயலுக்கும் ஒரு குறியீட்டு எண் தரப்படுகிறது. ஒரு செயல் ஊதியப் பணியா, வீட்டு வேலையா, ஓய்வா என்பதை அந்த எண் காட்டுகிறது. பார்வைக்கு ஒரே மாதிரியான இரு செயல்கள் வெவ்வேறு எண்களைப் பெறலாம் என்பதால், ஊதியப் பணியைப் பிரித்தறிவது இவ்வாய்வின் கடினமான பகுதியாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரை அதற்கான விதிகளைக் கடலூர், சிதம்பரம் பகுதிகளின் அன்றாடத் தொழில்களைக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

1920களில் சோவியத் ஒன்றியத்தில் தொழிலாளர் குடும்பங்களின் நேரச் செலவு கணக்கெடுக்கப்பட்டது. 1960களில் அங்கேரிய சமூகவியலாளர் அலெக்சாண்டர் சாலை தலைமையில் 12 நாடுகளில் நடந்த ஆய்வு, நாடுகளை ஒப்பிடும் முறையை வகுத்தது.

இந்தியாவில் முதல் பெரிய முன்னோடி ஆய்வு 1998 சூலை முதல் 1999 சூன் வரை ஆறு மாநிலங்களில் நடந்தது. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. ஏனையவை அரியானா, மத்தியப் பிரதேசம், குசராத்து, ஒரிசா, மேகாலயா. 18,591 குடும்பங்கள் இதில் பங்கேற்றன. பொருளியலாளர் இந்திரா இர்வே இதன் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைமை வகித்தார். வாரத்திற்கு ஆண்கள் ஏறத்தாழ 42 மணி நேரமும் பெண்கள் 19 மணி நேரமும் நாட்டு வருமானக் கணக்கில் சேரும் பணிகளில் செலவிடுவதாக இவ்வாய்வு கண்டது. அக்கணக்கில் சேராத வீட்டு வேலை, பராமரிப்பு ஆகியவற்றில் பெண்கள் 34.6 மணி நேரமும் ஆண்கள் 3.6 மணி நேரமும் செலவிட்டனர்.

நாடு தழுவிய முதல் ஆய்வு 2019 சனவரி முதல் திசம்பர் வரை 1,38,799 குடும்பங்களில் நடந்தது. அடுத்தது 2024இல் நடந்தது.

பன்னாட்டு வகைப்பாடு

நேரப் பயன்பாட்டுப் புள்ளியியலுக்கான செயல்பாடுகளின் பன்னாட்டு வகைப்பாடு, சுருக்கமாக ஐகேட்டஸ் 2016, ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையத்தால் 2017இல் ஏற்கப்பட்டது. 2019, 2024 ஆகிய இரண்டு இந்திய ஆய்வுகளும் இதனைப் பின்பற்றின. இதில் ஒன்பது பெரும்பிரிவுகள் உள்ளன.

1. வேலைவாய்ப்பும் அது சார்ந்த செயல்களும்
2. சொந்தப் பயன்பாட்டிற்கான பொருள் உற்பத்தி
3. குடும்பத்தினருக்கான ஊதியமில்லா வீட்டு வேலைகள்
4. குடும்பத்தினருக்கான ஊதியமில்லாப் பராமரிப்பு
5. தன்னார்வப் பணி, ஊதியமில்லாப் பயிற்சிப் பணி, பிற ஊதியமில்லாப் பணிகள்
6. கல்வி
7. உறவாடல், சமூகப் பங்கேற்பு, சமய வழிபாடு
8. பண்பாடு, பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு
9. உறக்கம், உணவு உள்ளிட்ட தன்பராமரிப்பு

முதல் பெரும்பிரிவே பொதுவாக ஊதியப் பணி எனப்படுகிறது. இது மேலும் பிரிக்கப்படுகிறது. நிறுவனங்கள், அரசு, இலாப நோக்கற்ற அமைப்புகள் ஆகியவற்றில் செய்யும் வேலை 11 என்னும் எண்ணைப் பெறும். குடும்பத் தொழிலில் பொருள் உற்பத்தி செய்வது 12 ஆகும். வீடுகளிலோ குடும்பத் தொழிலிலோ சேவை வழங்குவது 13 ஆகும். துணைச் செயல்களும் இடைவேளைகளும் 14, வேலை சார்ந்த பயிற்சி 15, வேலை தேடுதல் 16, தொழில் தொடங்குதல் 17, வேலைக்கான பயணம் 18 எனத் தொடர்கின்றன.

என்.எல்.சி.யின் நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்டு பார்ப்பவர், அண்ணாமலைப் பல்கலைக்கழக அலுவலர் ஆகியோரின் வேலை 11இல் சேரும். நூறு நாள் வேலையும் அரசுத் திட்டப் பணி என்பதால் அதே எண்ணைப் பெறும். 2006 பிப்ரவரியில் இத்திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் கடலூரும் ஒன்று.

எது ஊதியப் பணி?

கையில் பணம் வந்தால் அது ஊதியப் பணி, வராவிட்டால் இல்லை என்று எண்ணுவது இயல்பு. வகைப்பாட்டின் விதி அதுவன்று. 2013இல் செனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19ஆவது பன்னாட்டு மாநாடு, "கூலிக்காகவோ இலாபத்திற்காகவோ செய்யும் பணி" என வேலைவாய்ப்பை வரையறுத்தது. இங்கு பார்க்கப்படுவது, உழைப்பின் விளைவு யாருக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்பதே.

இதன்படி, குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவரும் வேலைவாய்ப்பில் உள்ளவரே. கணவரின் படகுக்கு வலை பின்னித் தரும் பெண்ணுக்கு அதற்கெனத் தனியே கூலி இல்லை. ஆனால் அந்த வலையில் சிக்கும் மீன் ஏலத்திற்குப் போகிறது. ஆகவே அவர் வலை பின்னும் நேரம் முதல் பெரும்பிரிவில் சேரும்.

மறுபுறம், பணம் கிடைப்பதால் மட்டும் ஒரு செயல் ஊதியப் பணி ஆகிவிடாது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தில் தகுதியுள்ள பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என அரசு இதனை விளக்கியது. எனினும் அது உரிமைத் தொகை, கூலி அன்று. அதைப் பெறும் பெண் தம் வீட்டில் சமைக்கும் நேரம் மூன்றாம் பெரும்பிரிவிலேயே இருக்கும்.

ஒரே செயல், பல எண்கள்

சமையலை எடுத்துக்கொண்டால் இவ்விதி தெளிவாகும்.

- தம் வீட்டாருக்குச் சமைத்தல்: 3ஆம் பெரும்பிரிவு
- சிதம்பரம் அண்ணாமலை நகரில் மாணவர்களுக்காகக் குடும்பமாக நடத்தும் மெஸ்ஸில் சமைத்தல்: 13
- சம்பளத்திற்கு இன்னொருவர் வீட்டில் சமைத்தல்: 13
- அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தல்: 11
- கோயில் அன்னதானத்திற்குச் சம்பளமின்றிச் சமைத்துக் கொடுத்தல்: 5ஆம் பெரும்பிரிவு

அடுப்பும் அரிசியும் உழைப்பும் எல்லா இடத்திலும் ஒன்றே. சோறு யாருக்குப் போகிறது, எந்த ஏற்பாட்டின் கீழ்ப் போகிறது என்பதே எண்ணை மாற்றுகிறது.

பிச்சாவரம் உப்பங்கழியில் கையால் இறால் தடவிப் பிடிப்போர் அதனை விற்றால் 12. அன்றைய குழம்புக்கு மட்டும் என்றால் இரண்டாம் பெரும்பிரிவு. மாட்டைப் பராமரிக்கும் நேரமும் அவ்வாறே. பாதிப் பால் சொசைட்டிக்கும் பாதி வீட்டிற்கும் போனால், முதன்மையான நோக்கம் எது என்பதைக் கேட்டு முடிவு செய்யவேண்டும். பண்ருட்டிப் பகுதியில் முந்திரிக்கொட்டை உடைப்பவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உடைத்தாலும் வியாபாரிக்காக உடைத்தால் அது முதல் பெரும்பிரிவு. வேலை நடக்கும் இடம் வீடு என்பதால் அது வீட்டு வேலை ஆகாது.

மாணவர்களுக்கும் இது பொருந்தும். வேளாண்மை மாணவர் பாடத்திட்டத்தின் பகுதியாக வயலில் இறங்கி நாற்று நட்டால் அது கல்வி. ஒரு நிறுவனத்தில் சம்பளமின்றிப் பயிற்சிப் பணி செய்தால் ஐந்தாம் பெரும்பிரிவு. மாலையில் கட்டணம் பெற்று டியூஷன் எடுத்தால் முதல் பெரும்பிரிவு.

ஒரு நாளின் கணக்கு

இந்திய ஆய்வில் நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிக்கு முடிகிறது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் செயல்கள் அரை மணிக்கூறுகளாகக் கேட்டுப் பதியப்படுகின்றன. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் வாங்கித் தெருவில் விற்கும் ஒரு பெண்ணின் நாளை, எடுத்துக்காட்டாக, இவ்வாறு குறிக்கலாம்.

- 4.00 – 4.30: எழுதல், குளித்தல் (9)
- 4.30 – 5.30: சமையல் (3)
- 5.30 – 6.00: ஷேர் ஆட்டோவில் துறைமுகம் செல்லுதல் (18)
- 6.00 – 7.00: ஏலத்தில் மீன் எடுத்தல் (13)
- 7.00 – 11.30: விற்பனை (13)
- 11.30 – 12.00: வீடு திரும்புதல் (18)
- 12.00 – 1.00: உணவு, ஓய்வு (9)
- 1.00 – 2.30: பாத்திரம், துணி துவைத்தல் (3)
- 2.30 – 3.30: விற்காத மீனை உப்பிட்டு விற்பனைக்குக் கருவாடு போடுதல் (12)

இதில் முதல் பெரும்பிரிவின் மொத்தம் ஏழரை மணி நேரம். வேலைநேரப் புள்ளியியலில் வீட்டிற்கும் வேலையிடத்திற்கும் இடையிலான பயணம் சேர்க்கப்படுவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்தால், உழைத்த நேரம் ஆறரை மணி. வாங்க ஆள் வராமல் கூடையருகே காத்திருந்த நேரமும், நடுவே தேநீர் குடித்த சில நிமிடங்களும் வேலைநேரத்தில் அடங்கும். மதிய உணவு நேரம் அடங்காது.

கருவாடு வீட்டுக்கு மட்டும் என்றால் கடைசி ஒரு மணி நேரம் இரண்டாம் பெரும்பிரிவுக்கு மாறும். எனவே "மீனுக்கு உப்புப் போட்டேன்" என்ற விடையோடு பதிவாளர் நின்றுவிடக் கூடாது, "விற்கவா, வீட்டுக்கா?" என்றும் கேட்க வேண்டும்.

ஒரே அரை மணிக்குள் பல செயல்கள் நடப்பதும் உண்டு. கடையைப் பார்த்துக்கொண்டே குழந்தைக்குச் சோறூட்டுவது ஒரு சான்று. இந்திய ஆய்வு, பத்து நிமிடமோ அதற்கு மேலோ நீடித்த செயல்களில் மூன்று வரை ஓர் அரை மணிக்கூற்றில் பதிய இடம் தருகிறது. ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது மறைந்துவிடும்.

பருவம் மற்றொரு காரணி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. தொழிலுக்கான கருவிகளைச் செப்பனிடுவதும் பணியே என்பதால், அந்நாட்களில் வலையும் படகும் சீர்செய்யும் நேரம் முதல் பெரும்பிரிவில் சேரும். ஆனால் கடலுக்குச் செல்லும் நேரம் இல்லாமற்போகும். ஆய்வை ஓராண்டு முழுவதும் பரப்பி நடத்துவதற்கு இத்தகைய பருவ வேறுபாடுகளே காரணம்.

முக்கியத்துவம்

2019 ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் ஆண்கள் 57.3 விழுக்காட்டினரும் பெண்கள் 18.4 விழுக்காட்டினரும் ஒரு நாளில் வேலைவாய்ப்பு சார்ந்த செயல்களில் ஈடுபட்டனர். ஊதியமில்லா வீட்டு வேலைகளில் பெண்கள் 81.2 விழுக்காட்டினரும் ஆண்கள் 26.1 விழுக்காட்டினரும் ஈடுபட்டனர். ஈடுபட்டோர் செலவிட்ட நேரம் முறையே 299, 97 நிமிடங்கள். 2024இல், 15 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களில் 25 விழுக்காட்டினரும் ஆண்களில் 75 விழுக்காட்டினரும் வேலைவாய்ப்பு சார்ந்த செயல்களில் ஈடுபட்டதாகப் பதிவாயிற்று.

தொழிலாளர் ஆய்வுகள் ஒருவருக்கு ஒரு முதன்மை நிலையைத் தருகின்றன. "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்று ஒரு பெண் சொன்னால், அவர் வீட்டு வேலை பார்ப்பவர் எனக் குறிக்கப்பட்டு உழைப்போர் எண்ணிக்கையிலிருந்து நீங்கிவிடக் கூடும். நேரப் பயன்பாட்டு ஆய்வு "நீங்கள் யார்?" என்று கேட்பதில்லை, "நேற்று இந்த அரை மணியில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறது. வலை பின்னியதும் முந்திரி உடைத்ததும் அப்போதுதான் வெளிப்படுகின்றன.

ஆனால் அந்த விடைக்குத் தவறான எண் தரப்பட்டால், வெளிப்பட்ட உழைப்பு மீண்டும் மறைந்துவிடும். கருவாடு போட்ட ஒரு மணி நேரம் சமையல் எனக் குறிக்கப்பட்டால், அது வேலைநேரத்திலிருந்து விலகி, வீட்டு வேலையின் கணக்கில் போய்ச் சேரும். மீன் விற்கும் பெண்களுக்குப் பேருந்து வசதி, குளிர்பெட்டி, நிழற்கூரை, காப்பீடு ஆகியவற்றைக் கோருவோரும் திட்டமிடுவோரும், அவர்கள் எவ்வளவு நேரம் எங்கே உழைக்கிறார்கள் என்ற கணக்கையே நம்பியிருக்கின்றனர். அக்கணக்கு சரியாக அமைவதற்கு, செயலின் பெயரோடு அதன் நோக்கத்தையும் கேட்டு எழுதுவது அடிப்படைத் தேவையாகும்.