தலை மாற்ற முடியாத பாஸ்போர்ட்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பிப் போன தமிழர்களிடம் கேட்டால், ‘தலை மாத்தின பாஸ்போர்ட்’ பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். வேறு யாருடையதோ அசல் பாஸ்போர்ட். படத்தின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைச் சூடுகாட்டியோ பிளேடால் கீறியோ மெல்லத் தூக்குவார்கள். பழைய படத்தை எடுத்துவிட்டுப் பயணியின் படத்தை வைப்பார்கள். அறுந்துபோன முத்திரையின் வளைவைப் புதுப் படத்தின் மேல் கையால் வரைந்து, மறுபடி ஒட்டிவிடுவார்கள். தாள் அசல், எண் அசல், விசா அசல்; தலை மட்டும் வேறு. போர் துரத்தியபோது பலருக்கு அதைவிட்டால் வேறு வழியும் இருக்கவில்லை.

அதன்பிறகு பாஸ்போர்ட்டில் வந்த மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த பிளேடு வேலைக்குச் சொன்ன பதில்கள்தான். முதலில் படத்தை ஒட்டுவதை நிறுத்திவிட்டு அச்சடித்தார்கள். பிறகு தாளுக்குப் பதில் பாலிகார்பனேட் வந்தது. 1997இலேயே பின்லாந்து இதற்கு மாறிவிட்டது. மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகளைப் பசை இல்லாமல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக உருக்கிச் சேர்த்து, அதற்குள்ளே லேசரால் முகத்தைக் கருக்கி எழுதுகிறார்கள். படம் மேற்பரப்பில் இல்லை, உடலுக்குள் இருக்கிறது. உரிக்கப் போனால் பக்கமே பாழாகிவிடும்.

உங்கள் பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், கோணக் குறிகள் நிறைந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். வரிக்கு 44 எழுத்து. கீழ்வரியில் பாஸ்போர்ட் எண், நாடு, பிறந்த தேதி, காலாவதி தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். பிறந்த தேதியின் ஆறு இலக்கத்தை அடுத்து ஓர் உபரி இலக்கம் நிற்கும். அது சரிபார்ப்பு எண். 1990 ஏப்ரல் 14 அன்று பிறந்தவருக்கு 900414 என்று இருக்கும். இந்த இலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 63, 0, 0, 28, 3, 4. கூட்டினால் 98. கடைசி இலக்கமான 8தான் அங்கே அச்சாகியிருக்கும். பென்சிலும் பேப்பரும் எடுத்து உங்களுடையதைப் போட்டுப் பார்க்கலாம். இயந்திரம் தப்பாகப் படித்தால் கண்டுபிடிக்க இது உதவும். ஏமாற்றுக்காரனைப் பிடிக்க உதவாது. அவனுக்கும் பெருக்கல் தெரியும்.

சிப் வந்தது அதற்காகத்தான். 1998இல் மலேசியா முதலில் தன் பாஸ்போர்ட்டில் சிப் வைத்தது, தனக்கென்று ஒரு முறையில். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, விசா இல்லாமல் வர அனுமதிக்கப்பட்ட நாடுகளெல்லாம் சிப் உள்ள பாஸ்போர்ட்டுக்கு மாறவேண்டும் என்று 2002இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 2003இல் மான்ட்ரியலில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அமைப்பை வகுத்தது. அந்த வகையில் 2004இல் பெல்ஜியம் முந்திக்கொண்டது. இந்தியாவில் 2008இல் அப்போதைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலுக்கு முதல் இ-பாஸ்போர்ட் வழங்கப்பட்டது. தூதரகப் பாஸ்போர்ட்டோடு நின்றுபோன திட்டம், பொதுமக்களிடம் வந்து சேர 2024 ஏப்ரல் ஆனது. சென்னையில் 2025 மார்ச்சில் தொடங்கியது.

சிப்பில் ஏதோ பெரிய ரகசியம் இருப்பதாகவும், ஆள் எங்கே போகிறார் என்று அரசாங்கம் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் பேட்டரியே கிடையாது. ரீடரின் மின்காந்தப் புலத்திலிருந்து கிடைக்கும் சக்தியில்தான் விழித்துக்கொள்ளும், அதுவும் சில சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால். உள்ளே இருப்பது பக்கத்தில் அச்சான அதே விவரமும் முகப்படமும். பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விரல் ரேகையும் உண்டு. அடிப்படைப் பாதுகாப்பு முறையில் அதைத் திறக்கும் சாவி பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றையும் சேர்த்து உருவாகிறது. புத்தகத்தை விரித்து அந்தக் கீழ்வரியைப் படித்தால்தான் சிப் வாய் திறக்கும்.

அப்படியானால் சிப்பால் என்ன லாபம்? விஷயம் படத்தில் இல்லை, கூடவே இருக்கும் கையெழுத்தில் இருக்கிறது. சிப்பில் உள்ள தகவல்களிலிருந்து கணக்கிட்ட சுருக்க எண்களை, பாஸ்போர்ட் வழங்கும் நாடு தன் ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையெழுத்திட்டு அதிலேயே வைத்துவிடுகிறது. பத்திரப் பதிவில் ஒவ்வொரு தாளிலும் சார்பதிவாளர் முத்திரை விழுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முத்திரை தாளின் உள்ளடக்கத்தையே கணக்கிட்டுப் போட்டது. முகத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கணக்கு இடிக்கும். கையெழுத்தைச் சோதிக்கும் பொதுச் சாவியை நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன.

2006இல் லூக்காஸ் குருன்வால்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் லாஸ் வேகாஸ் மாநாட்டில் ஒரு பாஸ்போர்ட் சிப்பை அப்படியே இன்னொரு சிப்பில் நகலெடுத்துக் காட்டினார். உலகமே பதறியது. நகலில் அசலின் முகம்தானே இருக்கும், மாற்ற முடியாதே என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். சரியான பதில்தான், கையெழுத்தைச் சோதிக்கும் வரைக்கும். 2018 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர்கள் ரான் வைடனும் கிளேர் மெக்காஸ்கிலும் எல்லைக் காவல் துறைக்கு எழுதிய கடிதத்தில் பூனைக்குட்டி வெளியே வந்தது. சிப்பில் உள்ள கையெழுத்தைச் சரிபார்க்கும் மென்பொருளே அப்போது அத்துறையிடம் இருக்கவில்லை. சிப் வை என்று உலகத்தையே மிரட்டிய நாடு, வந்த சிப்பைத் திறந்து படித்துவிட்டுக் கையெழுத்தைப் பார்க்காமலே பல வருஷம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

மோசடிக்காரர்கள் இதற்குள் இடம் மாறிவிட்டார்கள். 2014இல் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பேரின் முகங்களைக் கணினியில் கலந்து ஒரே படமாக்கினார்கள். முகத்தை ஒப்பிடும் இயந்திரம் அந்தப் படத்தை இருவருக்குமே பொருந்துவதாக ஏற்றுக்கொண்டது. 2018இல் பெங்! என்ற ஜெர்மன் கலைஞர் குழு இதைச் செய்தே காட்டியது. குழுவைச் சேர்ந்த ஒருவரின் முகத்தையும் அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவராக இருந்த ஃபெடரிகா மொகெரினியின் முகத்தையும் கலந்த படத்தைக் கொடுத்து, அசல் ஜெர்மன் பாஸ்போர்ட்டே வாங்கிவிட்டார்கள். பிளேடு இல்லை, பசை இல்லை. அரசாங்கமே லேசரால் எழுதி, கையெழுத்தும் போட்டுத் தந்த தலை மாற்றம் இது.

ஜெர்மனி விழித்துக்கொண்டு, வீட்டிலிருந்து காகிதப் படம் கொண்டுவரும் வழக்கத்தை 2025 மே மாதம் நிறுத்தியது. இந்த ஒரு விஷயத்தில் நாம் முன்னமே தேறிவிட்டோம். சாலிகிராமத்திலோ தாம்பரத்திலோ பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: ‘ஏ’ கவுன்ட்டரில் உட்காரவைத்து அங்கேயே படம் எடுத்து, விரல் ரேகையும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஓட்டை அந்தப் பக்கம் இல்லை. மதுரையில் பொய் முகவரி கொடுத்து அசல் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியதாக க்யூ பிரிவு போலீஸ் விசாரித்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அங்கே புத்தகத்தில் எந்தக் குறையும் இல்லை. கேள்வி எழுந்தது போலீஸ் வெரிஃபிகேஷன் மேல்தான். எந்த சிப்பும் அந்த இடத்தில் எட்டிப் பார்க்காது.

இருந்தும் விவாதமெல்லாம் புத்தகத்தைச் சுற்றியே நடக்கிறது. 2018இல் பிரிட்டன் தன் புது நீலநிறப் பாஸ்போர்ட்டை அச்சடிக்கும் ஒப்பந்தத்தை உள்நாட்டின் இரு நூற்றாண்டுப் பழைய டி லா ரூவிடமிருந்து எடுத்து, குறைந்த விலை கேட்ட ஜெமால்டோவிடம் கொடுத்தது. வேலை வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகிறது என்றதும் பெரிய ரகளை; வெற்றுப் புத்தகங்கள் தயாரானது போலந்தின் ட்சேவ் நகரில். பெயரும் முகமும் ஏற்றும் வேலை பிரிட்டனிலேயே நடக்கும் என்று அரசு சொன்னது. என்னைக் கேட்டால் அதுதான் கவனிக்க வேண்டிய வரி; யாரும் கவனிக்கவில்லை. மறு வருஷமே டி லா ரூ தன் அடையாள ஆவணத் தொழிலை விற்றுவிட்டது. ஜெமால்டோவையும் தாலெஸ் என்ற பெருநிறுவனம் வாங்கிக்கொண்டது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்றுகொண்டே போகும் சந்தை இது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கான சிப்புக்கு ஆன்டெனா பொருத்தும் வேலை தாய்லாந்தின் அயுத்தயாவில் நடக்கிறது என்று 2008இல் செய்தி வந்தபோது வாஷிங்டனிலும் இதே கூச்சல்தான்.

நிஜமான ஆபத்து எப்படி வரும் என்பதை எஸ்டோனியா காட்டியது. அங்கே அடையாள அட்டையை வைத்துத்தான் வங்கி, மருந்துச் சீட்டு, ஓட்டு எல்லாமே. 2017இல் செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த அட்டைகளில் இருந்த இன்ஃபினியன் நிறுவனத்தின் சிப், சாவி உருவாக்கும் முறையில் குறை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பொதுச் சாவியை வைத்தே ரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற சிப் அது! சுமார் ஏழரை லட்சம் அட்டைகள் பாதிக்கப்பட்டன. நவம்பரில் அவற்றின் டிஜிட்டல் சான்றிதழ்களை அரசு முடக்கவேண்டி வந்தது.

ஏழை நாடுகளின் கதை வேறு மாதிரி. காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஒரு பாஸ்போர்ட்டுக்கு மக்கள் கொடுத்த 185 டாலரில் அரசுக்குப் போனது 65 டாலர்தான், மிச்சம் தனியார் நிறுவனங்களுக்கு என்று 2017இல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொணர்ந்தது. இலங்கையில் 2024இல் வெற்றுப் புத்தகக் கையிருப்பு வற்றி, பத்தரமுல்லை அலுவலக வாசலில் ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள்.

இந்தியாவில் புத்தகம் அச்சாவது நாசிக்கில், அரசின் இந்தியா செக்யூரிட்டி பிரஸ்ஸில். உள்ளே வைக்கும் சிப்புக்கு வெளிச்சந்தைக்குத்தான் போக வேண்டும். 4.5 கோடி சிப்கள் வாங்க அச்சகம் நடவடிக்கை எடுத்திருப்பதாக வெளியுறவுத் துறை நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

முன் அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சின்னக் குறி இருந்தால் அது இ-பாஸ்போர்ட். இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பழைய பாஸ்போர்ட் அதில் போட்டிருக்கும் தேதி வரைக்கும் செல்லும். புதுப்பிக்கும்போது தானாக மாறிவிடும். சிப்புக்கென்று தனிக் கட்டணமும் இல்லை. ‘சிப் வெச்சதா மாத்தித் தர்றேன் சார்’ என்று ஏஜென்ட் யாராவது மேல்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.